வேண்டாத பீப்பாய்

1781ஆம் ஆண்டு. லண்டனில் தேம்ஸ் ஆற்றின் தென்கரையிலுள்ள சதர்க் பகுதியில் பெரிய பீர் ஆலை ஒன்று விலைக்கு வந்திருந்தது. முதலாளி ஹென்றி த்ரேல் காலமாகிவிட்டார். சொத்தை விற்றுக் கணக்கு முடிக்க அவர் நியமித்திருந்தவர்களில் ஒருவர், ஆங்கில அகராதி எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் ஜான்சன். வாழ்நாளெல்லாம் சொற்களோடு மல்லுக்கட்டிய மனிதர், சட்டைப் பொத்தான் துளையில் மைக்கூடும் பேனாவும் செருகிக்கொண்டு, கலால் அதிகாரியைப் போல ஆலைக்குள் பரபரத்துத் திரிந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய பாஸ்வெல் பதிவு செய்திருக்கிறார். ஆலை 1,35,000 பவுனுக்குக் கைமாறியது. அந்தக் காலத்தில் மலைக்க வைக்கும் தொகை. அப்படி என்ன இருந்தது அந்த ஆலையில்?

இருந்தது கறுப்பு பீர். லண்டன் தெருக்களில் சுமை தூக்கியவர்கள் விரும்பிக் குடித்ததால் ‘போர்ட்டர்’ என்று அழைக்கப்பட்டது. அதிலேயே வலு கூடிய வகை ‘ஸ்டவுட்’. சதர்க் ஆலை அதைவிடவும் அடர்த்தியாக ஒன்றைக் காய்ச்சியது. 1796இல் ஜோசப் ஃபாரிங்டன் என்ற ஓவியர் அதைக் குடித்துப் பார்த்துவிட்டு நாட்குறிப்பில் எழுதி வைத்தார்: இது ரஷ்யப் பேரரசிக்கென்றே தனியாகக் காய்ச்சப்பட்டதாம், ஏழு வருடம் கெடாமல் இருக்குமாம். அதே வருடம் பேரரசி கேத்தரின் இறந்துபோனார். ஆனால் அவர் பெயரால் வந்த ‘இம்பீரியல்’ என்ற அடைமொழி மட்டும் அந்த பீரோடு ஒட்டிக்கொண்டது. வாடிக்கை குறையவில்லை. சிக்கல் வேறு திசையிலிருந்து வந்தது.

முளைகட்டி உலர்த்திய பார்லிதான் பீருக்கு மூலப்பொருள், மால்ட் என்பார்கள். போர்ட்டருக்குப் பழுப்பு மால்ட் மட்டுமே போட்டு வந்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹைட்ரோமீட்டர் என்ற சின்னக் கருவி ஆலைகளுக்குள் நுழைந்தது. கரைசலில் சர்க்கரை எவ்வளவு என்று அது அளந்து சொன்னபோதுதான், பழுப்பு மால்ட்டிலிருந்து கிடைக்கும் சர்க்கரை எவ்வளவு சொற்பம் என்பது ஆலைக்காரர்களுக்கு உறைத்தது. வெளிர் மால்ட் விலை கூடுதல், ஆனாலும் கணக்குப் பார்த்தால் அதுவே லாபம். எல்லாரும் மாறினார்கள். லாபம் வந்தது, கறுப்பு போயிற்று. ஊர் கறுப்பாகத்தான் கேட்கும். கருக்கிய சர்க்கரையை ஊற்றினார்கள். சிலர் சொல்லக்கூடாததையெல்லாம் ஊற்றினார்கள். 1816இல் நாடாளுமன்றம் தடியை எடுத்தது: மால்ட், கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ தவிர வேறெதையும் பீரில் சேர்க்கக்கூடாது. வெளிர் மால்ட்டைக் கொண்டு சட்டப்படி கறுப்பு பீர் செய்ய இனி வழியே இல்லை என்ற நிலை.

மறு வருடமே டேனியல் வீலர் என்பவர் ஒரு காப்புரிமையோடு வந்தார். காபிக்கொட்டை வறுக்கும் சுழல் உருளையில் மால்ட்டைப் போட்டு, கரியாகிவிடும் விளிம்புவரை கொண்டுபோய் நிறுத்தினார். அந்த மால்ட்டில் கொஞ்சம் கலந்தால் போதும், பெரிய தொட்டியே கறுத்துவிடும். சேர்ப்பதும் மால்ட்தான் என்பதால் சட்டம் வாயைத் திறக்க முடியாது. நிறத்துக்காகச் செய்த தந்திரம் இது. சுவைக்காக யாரும் செய்யவில்லை. ஆனால் காபியையும் கசப்புச் சாக்லேட்டையும் நினைவூட்டும் மணம் ஸ்டவுட்டுக்குள் குடியேறியது இந்த உருளையின் வழியாகத்தான்.

பீரை அடைத்து வைத்த மரத்தைப் பற்றியும் அன்றைய லண்டனில் கறாரான கருத்து இருந்தது. நல்ல பீப்பாய் என்றால் பால்டிக் கடலோர மேமல் துறைமுகத்திலிருந்து வந்த ஓக் மரம். அமெரிக்க ஓக் மலிவாகக் கிடைத்தும் ஆலைக்காரர்கள் பலர் முகம் சுளித்தார்கள். அது பீருக்குள் தன் வாசனையை இறக்கிவிடும்; தேங்காயும் வனிலாவும் கலந்தாற்போல் ஒரு தித்திப்பு நெடி. கெட்டுப்போன பீர் என்று வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த நெடியைத் தேடி மனிதர்கள் பனியில் வரிசை நிற்கும் காலம் வரும் என்று அன்றைய தச்சர் யாரிடமாவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

கதை இங்கே கடல் தாண்டுகிறது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் அதே ஓக் மரத்தைக் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். மக்காச்சோளத்தை முதன்மையாக வைத்து வடித்த போர்பன் விஸ்கிக்கு, உட்புறம் தீயிட்டுக் கருக்கிய ஓக் பீப்பாய்தான் பாதி உயிர். தீ பட்ட மரத்தில் லிக்னின் சிதைந்து வனிலின் ஆகிறது. மரத்தின் சர்க்கரைப் பொருள் உருகிக் கேரமல் ஆகிறது. ஓக்கில் இயல்பாக உள்ள லாக்டோன்கள் தேங்காய் மணம் தருகின்றன. கோடையில் விஸ்கி விரிந்து மரத்துக்குள் புகும், குளிரில் சுருங்கி வெளியே வரும். இப்படி வருடக்கணக்கில் உள்ளும் புறமும் போய்வந்துதான் அந்தச் செந்நிறம் ஏறுகிறது. தொழில் செழித்தது. 1920இல் மதுவிலக்கு வந்து ஆலைகள் மூடின. பதின்மூன்று வருடம்.

1933இல் தடை நீங்கியதும் அரசாங்கம் புதிய விதிகளை எழுத உட்கார்ந்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் நடைமுறைக்கு வந்த விதிகளில் ஒன்று: போர்பன் என்று பெயர் போட்டு விற்க வேண்டுமானால், கருக்கிய புது ஓக் கலனில் மட்டுமே வைத்திருக்க வேண்டும். ‘புது’ என்ற அந்தச் சின்ன நிபந்தனைக்குப் பின்னால் மரவெட்டிகளும் பீப்பாய்த் தச்சர்களும் இருந்தார்கள் என்பது பரவலான பேச்சு. இருந்திருந்தால் ஆச்சரியமில்லை, மந்தநிலைக் காலத்தில் வேலை கேட்காதவர் யார்? விளைவு என்னவென்றால், ஏறத்தாழ 200 லிட்டர் கொள்ளும் நல்ல பீப்பாய் ஒன்று, ஒரே ஒரு முறை விஸ்கி கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றுவிடும். அதில் மறுபடி போர்பன் ஊற்றச் சட்டம் விடாது. வருடா வருடம் பீப்பாய்கள் மலையாகக் குவிந்தன. ஸ்காட்லாந்துக்காரர்கள் நிறைய வாங்கிக்கொண்டார்கள். மிச்சத்தைக் குறுக்கே அறுத்துத் தோட்டத்தில் பூச்செடி வைத்தார்கள். ஒவ்வொன்றின் மரத்துக்குள்ளும் சில லிட்டர் விஸ்கி ஊறிக் கிடந்தது. அதை வெளியே இழுக்கத் தெரிந்தவர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1980களில் டல்லாஸ் விமான நிலையத்தில் ஒரு விமானம் கிளம்பாமல் நின்றது. சிகாகோவில் அட்டைப்பெட்டி நிறுவனம் ஒன்றில் உயர் பதவியிலிருந்த ஜான் ஹால், பொழுது போகாமல் விமானத்தில் கிடந்த பத்திரிகையைப் புரட்டினார். சிறிய அளவில் சொந்தமாக பீர் காய்ச்சி விற்பவர்களைப் பற்றி ஒரு கட்டுரை. ஐரோப்பாவில் சுற்றியபோது நல்ல பீரை ருசித்தவர். ஊர் திரும்பினால் கிடைப்பது எல்லாம் ஒரே மாதிரி வெளிறிய லாகர் என்ற மனக்குறை நெடுநாளாக இருந்தது. வேலையை விட்டார். 1988இல் சிகாகோ கிளைபோர்ன் அவென்யூவில் ‘கூஸ் ஐலண்ட்’ என்ற பெயரில், அங்கேயே காய்ச்சி அங்கேயே பரிமாறும் பப் ஒன்றைத் திறந்தார். மகன் கிரெக் ஹால் உதவியாளாக உள்ளே வந்து, சில வருடங்களில் தலைமைக் காய்ச்சுநர் ஆனார். அப்பாவின் நிதானம் மகனிடம் இல்லை. அதுவும் நல்லதாய்ப் போயிற்று.

இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் ஒரு விருந்து. போர்பன், பீர், சுருட்டு மூன்றும் ஒரே மேசையில். கிரெக் ஹாலுக்கு அருகே ஆஜானுபாகுவான ஒரு முதியவர் வந்து உட்கார்ந்தார். அவர் புக்கர் நோ. ஜிம் பீமின் பேரன், அந்தக் குடும்பத்து விஸ்கியை வடித்து வடித்தே முதிர்ந்த கை. தண்ணீர் கலக்காமல், வடிகட்டாமல், பீப்பாயில் இருந்தபடியே புட்டியில் அடைத்துத் தன் பெயரிலேயே ஒரு போர்பனை வெளியிட்டிருந்தவர். பேச்சு விஸ்கியில் தொடங்கிப் பீப்பாயில் போய் நின்றது. கிரெக்குக்கு அப்போது வேறொரு கவலை இருந்தது: பப்பில் ஆயிரமாவது காய்ச்சல் நெருங்கிக்கொண்டிருந்தது, அதற்கு ஏதாவது புதுமையாகச் செய்ய வேண்டும். காலிப் பீப்பாய் கிடைக்குமா என்று கேட்டார். கென்டக்கியில் அதற்கா பஞ்சம்? ஆறு பீப்பாய்கள் சிகாகோவுக்கு வந்து சேர்ந்தன.

அவற்றில் ஊற்ற எந்த பீர் தாங்கும்? சாதாரண பீரை ஊற்றினால் மரமும் விஸ்கியும் அதை விழுங்கிவிடும். எதிர்த்து நிற்க வேண்டுமானால் ரஷ்ய அரண்மனைக்குப் போன அந்தக் கறுப்பு ராட்சசன்தான் சரி. கிரெக்கும் ஆட்களும் தொட்டியில் அள்ளி அள்ளி மால்ட்டைப் போட்டார்கள். மேல்விளிம்பு தாண்டி வழிந்ததாம். நொதித்து முடிந்த ஸ்டவுட்டைப் பீப்பாய்களில் அடைத்து மாதக்கணக்கில் கிடத்தினார்கள். திறந்தபோது வந்த மணம் பீருடையதா, விஸ்கியுடையதா, வனிலா போட்ட சாக்லேட்டுடையதா என்று சொல்ல முடியவில்லை. லண்டன்காரர்கள் கெட்டுவிட்டது என்று ஒதுக்கிய அதே தேங்காய் நெடி, கருகிய மால்ட்டின் கசப்போடு சேர்ந்து வேறொன்றாக மாறியிருந்தது. போர்பன் கவுண்டி ஸ்டவுட் என்று பெயர் வைத்தார்கள்.

இது நடந்தது எப்போது? 1992 என்று நிறுவனம் சொன்னது. புட்டி லேபிள்களும் அப்படியே முழங்கின. சிகாகோ பத்திரிகையாளர் ஜாஷ் நோயல் இந்த நிறுவனத்தைப் பற்றி 2018இல் ஒரு புத்தகம் எழுதினார். பழைய தாள்களைத் துருவிய அவருக்கு 1992க்கு ஆதாரம் கிடைக்கவில்லை. எல்லாத் தடயங்களும் 1995ஐயே காட்டின. ஒரு பொருள் புகழ் பெற்ற பிறகு அதன் பிறந்த தேதி மூன்று வருடம் பின்னோக்கி நகர்வது நம் ஊர்த் தல புராணங்களைப் படித்தவர்களுக்கு ஒன்றும் அதிசயமில்லை. 1995க்குச் சான்று வலுவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அந்த வருடம்தான் இந்த பீர் டென்வர் நகரத்து மாபெரும் அமெரிக்க பீர் விழாவில் நடுவர்கள் முன் போய் நின்றது.

போய் நின்ற இடத்தில் விசித்திரமான சங்கடம். பீர் போட்டி என்பது வெறுமனே எது பிடித்திருக்கிறது என்று கேட்பதல்ல. ஒவ்வொரு வகைக்கும் இலக்கணம் உண்டு: நிறம் இப்படி, வலு இவ்வளவு, கசப்பு இந்த எல்லைக்குள். அதற்கு எவ்வளவு நெருங்கி வந்திருக்கிறது என்பதுதான் தீர்ப்பு. இம்பீரியல் ஸ்டவுட் பட்டியலில் விஸ்கி நெடி குற்றம். வேறு பட்டியலே கிடையாது. ஆக, அரங்கில் குடித்தவர்கள் வாயைப் பிளந்து நின்ற பீருக்குப் பதக்கம் கொடுக்க வழியில்லாமல் போயிற்று. நல்ல இலக்கணவாதிகள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் இது.

இலக்கணம் பின்னால் ஓடி வந்து சேர்ந்துகொண்டது. சில வருடங்களில் மரப்பீப்பாயில் ஊறிய பீர்களுக்கென்றே தனிப் பிரிவு திறந்தார்கள். பீர் நடுவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தரும் அமெரிக்க அமைப்பான பிஜேசிபியின் தாளில் மொத்தம் 50 மதிப்பெண்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மதிப்பெண் என்பது இந்த பீருக்கு வந்த அதிர்ஷ்டம். வலு மிகுந்த ஸ்டவுட்டில் ஆல்கஹால் நுரையைத் தின்றுவிடும். பழுப்பாக ஒரு வளையம் கண்ணாடியோரம் ஒட்டிக்கொண்டு நின்றாலே பெரிது.

ருசி பார்ப்பவர்கள் இதைச் சில்லென்று குடிப்பதில்லை. குளிர்ந்தால் மணம் மூடிக்கொள்ளும். 12, 13 டிகிரி செல்சியஸுக்கு வரவிட்டு, வயிறு அகன்று வாய் குறுகிய கண்ணாடியில் இரண்டு மடக்கு ஊற்றி, முதலில் மூக்கைத்தான் அனுப்புவார்கள். கருக்கிய மால்ட், உலர்ந்த திராட்சை, வெல்லப்பாகு, வனிலா, ஓக், விஸ்கி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும். விஸ்கி மட்டும் வந்தால் பீர் தோற்றுவிட்டது என்று பொருள். தொண்டையில் சூடு இருக்கலாம், எரிச்சல் இருக்கக்கூடாது. வருடக்கணக்கில் வைத்திருந்த புட்டியானால் ஷெர்ரி ஒயின் போன்ற மணம் ஏறியிருந்தால் பாராட்டு. நனைந்த அட்டை வாசனை வந்தால் அபராதம். இரண்டுக்கும் காரணம் அதே ஆக்சிஜன்தான்.

பட்டியல் திறந்ததும் மற்றவர்களும் புகுந்தார்கள். பீப்பாயோடு நிற்கவில்லை, மசாலா டப்பாவையும் திறந்தார்கள். புளோரிடாவின் டாம்பா நகரத்து சிகார் சிட்டி ஆலை, மாயன் புராண நாயகன் ஒருவன் பெயரில் ‘ஹுனாபு’ என்றொரு இம்பீரியல் ஸ்டவுட் செய்தது: கொக்கோ, ஆஞ்சோ, பசியா என்ற இரண்டு மெக்ஸிகோ மிளகாய்கள், வனிலா, பட்டை. மெக்ஸிகோ சமையலில் பட்டை என்றால் பெரும்பாலும் இலங்கைக் கறுவாப்பட்டைதான். அங்கே சாக்லேட் பானத்தில் அது நெடுங்காலமாக மிதக்கிறது. ஆகவே இந்தச் சேர்க்கை பீருக்குத்தான் புதிது. நடுவரின் வேலையும் இங்கே கடினமானது. ரசத்தில் மிளகு தெரிய வேண்டும், மிளகே ரசமாகிவிடக்கூடாது என்ற அளவுகோல்தான் இதற்கும். மிளகாயின் காரம் குடித்த பிறகு மெல்ல எழ வேண்டும். பட்டை சற்றுக் கூடினால் மருந்துக்கடை. வனிலா கூடினால் ஐஸ்கிரீம். எல்லாவற்றுக்கும் அடியில் ஸ்டவுட் இருக்கிறதா என்பது கடைசிக் கேள்வி. பல புட்டிகள் இந்தக் கேள்வியில்தான் விழுந்தன. என் கணிப்பில் இன்றும் பாதிக்கு மேல் விழுகின்றன. மசாலாவே சேர்க்காமல் உலர்பழமும் சாக்லேட்டுமாக மணக்கும் ஸ்டவுட்டுக்கு இலங்கையின் லயன் ஸ்டவுட்டைப் பார்க்கலாம். நுவரெலியா மலையில் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய மரபில் வந்த 8.8 சதவீத பீர். வெப்பமண்டல ஸ்டவுட் என்ற வகைக்கு பிஜேசிபி காட்டும் உதாரணங்களில் அதுவும் ஒன்று.

சிகாகோவில் ஆறு பீப்பாய் ஆயிரக்கணக்கானது. 2005இல் புட்டியில் வந்தது. 2010 நவம்பரில், நன்றி நவிலும் நாளுக்கு மறுநாள், ஊரே துணிக்கடையில் முட்டி மோதும் கறுப்பு வெள்ளிக்கிழமையன்று வெளியிட்டார்கள். விடிவதற்கு முன்பே மதுக்கடை வாசலில் போர்வையோடு வரிசை. 23 வருடம் பாப்பி வான் விங்கிள் விஸ்கி கிடந்த பீப்பாயில் இரண்டு வருடம் ஊறிய வகையும், காபி சேர்த்த வகையும் அந்தச் சமயத்தில் வந்தன. நான்கு மாதம் கழித்து ரசிகர்கள் தலையில் இடி விழுந்தது. 2011 மார்ச்சில் உலகின் மிகப் பெரிய பீர் நிறுவனமான ஆன்ஹைசர்-புஷ் இன்பெவ், கூஸ் ஐலண்டை 38.8 மில்லியன் டாலருக்கு வாங்கிவிட்டது. வெளிறிய லாகரின் பேரரசு, அதற்கு எதிராகக் கிளம்பிய பிள்ளையைத் தத்தெடுத்த கதை. கிரெக் ஹால் விலகி, மிச்சிகனில் ஆப்பிள் சைடர் காய்ச்சப் போனார். இனி இந்த பீர் கெட்டுவிடும் என்று சபித்தவர்கள் நிறைய. நாலு வருடத்தில் அது நிஜமாகவே கெட்டது; ஆனால் கெடுத்தது கம்பெனி முதலாளி அல்ல.

2015 வெளியீட்டைத் திறந்தவர்கள் ஒவ்வொருவராக முகம் சுளித்தார்கள். காபி வகையிலும் பார்லிவைன் என்ற வகையிலும் புளிப்பு. இத்தனை ஆல்கஹாலில் கிருமி வாழாது என்பது தொழிலில் ஊறிய நம்பிக்கை. ஆய்வகம் பெயரைக் கண்டுபிடித்தது: லாக்டோபேசிலஸ் அசிட்டோடாலரன்ஸ். ஜப்பானில் வினிகர் நொதிக்கும் கலவையிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட ஜீவன். வினிகரையே தாங்குவதற்கு ஸ்டவுட் எம்மாத்திரம்? பீப்பாய் மரத்தின் நுண்துளைகள் அதற்கு வசதியான வீடு. தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டபோது தெரியாத புளிப்பு, புட்டிக்குள் வாரக்கணக்கில் வளர்ந்து வெளிப்பட்டது. 2016 தொடக்கத்தில் பணத்தைத் திருப்பித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. பட்டியல் பிறகு நீண்டு, அசல் ஸ்டவுட்டின் சில தொகுதிகளும் அதில் சேர்ந்தன.

அந்த வருட இறுதி வெளியீட்டிலிருந்து புட்டியில் அடைப்பதற்கு முன் பீரைச் சில நொடிகள் சூடாக்கிக் குளிரவைக்கும் ஃப்ளாஷ் பாஸ்டரைசேஷன் வந்துவிட்டது. புளிப்பு ஒழிந்தது. ஆனால் புட்டிக்குள் உயிரோடு கிடந்து வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டே வந்த பீரைக் கொன்றுவிட்டார்கள் என்று பழைய ரசிகர் ஒரு கூட்டம் இன்றும் முணுமுணுக்கிறது. சூடேற்றினால் மூப்பு நின்றுவிடாது, ஆக்சிஜன் தன் வேலையைச் செய்யத்தான் செய்யும் என்பது எதிர்க்கட்சி. 2014ஆம் வருடத்துப் புட்டியையும் அதற்குப் பின் சூடு கண்ட புட்டியையும் லேபிளைத் துணியால் சுற்றி மறைத்து, வரிசையாக ஊற்றி, 50க்கு மதிப்பெண் போட்டு இரண்டு கட்சியும் மோதிக்கொள்கின்றன. முடிவு ஊருக்கு ஊர் மாறுகிறது.